வெளியேறுதல் வேறு, விடுதலை வேறு

(காரைக்கால் பகுதி, திருமலைராயன்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரிக் கடற்கரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றிப் பட்டினச்சேரியில் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணலாம். கடலுக்குப் போய்க் கரை சேர்ந்த களைப்போடு மணலில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் வந்து இலண்டன் நகரத்துச் சண்டையைச் சொல்கிறானே என்றும் தோன்றலாம். ஆனால் அந்த வழக்கு இந்த மண்ணுக்குப் புதியதன்று. ஓர் ஐரோப்பிய அரசின் வணிக வளையத்துக்குள் 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயன் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, கட்டுண்டு கிடந்த மண் இது. "இருப்பதா, வெளியேறுவதா?" என்று ஆண்டுக்கணக்கில் சொற்போர் நடத்தி, பின்னர் வெளியேறிய மண் இது. இலண்டன்காரன் 2016இல் கேட்ட கேள்வியைக் காரைக்கால்காரன் 1948இலேயே கேட்டுவிட்டான். எனவே அவர்கள் கதையை நாம் கேட்பது வேடிக்கைக்கு அன்று. நம் கதையை இன்னொரு முறை சரியாகப் படித்துக்கொள்வதற்கே கேட்கிறோம்.

முதலில் அவர்கள் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். 2016 சூன் 23ஆம் நாள் பிரித்தானியாவில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வெளியேறலாம் என்றோர் 51.9 விழுக்காட்டினர், இருக்கலாம் என்றோர் 48.1 விழுக்காட்டினர். அன்றிரவே பவுண்டு நாணயத்தின் மதிப்புச் சரிந்தது. 2020 சனவரி 31இல் முறைப்படி வெளியேறினர். அவ்வாண்டு முடிவில் பொதுச் சந்தையிலிருந்தும் சுங்கக் கூட்டிலிருந்தும் விலகினர். வெளியேறச் சொன்னவர்கள் ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஊரூராக ஓட்டினார்கள்: கிழமைதோறும் 35 கோடிப் பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோமாம், அதை நம் மருத்துவமனைகளுக்குச் செலவிடலாமாம். அரசின் புள்ளிவிவர ஆணையமே அந்தக் கணக்குத் தவறான வழிகாட்டல் என்று கண்டித்தது. கண்டித்து என்ன? பேருந்து ஓடிவிட்டது, வாக்கும் விழுந்துவிட்டது. மறுபக்கத்தார் மட்டும் நேர்மையாளரோ என்றால், அவர்கள் வெளியேறிய மறுநாளே வானம் இடிந்து விழும் என்று அச்சுறுத்திக்கொண்டிருந்தனர். வானம் இடியவில்லை, வணிகந்தான் மெல்ல மெல்ல இளைத்தது. வெளியேறாதிருந்தால் நாட்டின் ஆக்கத்திறன் எவ்வளவு இருந்திருக்குமோ, அதனினும் நெடுங்காலத்தில் 4 விழுக்காடு குறையும் என்பது அவர்களின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

இதில் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டியது மீனவர் பகுதி. பிரித்தானியப் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் வெளியேறும் இயக்கத்தின் கொடிமரமாய் நின்றவர்கள் மீனவர்களே. "நம் கடலில் பிரஞ்சுக்காரனும் ஓலந்துக்காரனும் வலைவீசுகிறான், நம் கடல் நமக்கே" என்று முழங்கினார்கள். முழக்கத்தில் பிழையில்லை; கடற்கரையில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பகுதியை வாங்கித் தின்பவன் யார்? அதே ஐரோப்பியன்! நண்டும் சிங்கி இறாலும் கிளிஞ்சலும் உயிரோடும் பனிக்கட்டியோடும் ஓரிரவுக்குள் கால்வாயைத் தாண்டிப் பிரான்சு, இசுப்பெயின் சந்தைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். 2021 சனவரியில் என்ன நடந்தது? ஒவ்வொரு சுமைக்கும் நலச்சான்று, ஒவ்வொரு பெட்டிக்கும் சுங்கத்தாள். சரக்குந்துகள் காத்துக் கிடந்தன, சரக்கு அழுகியது. தூய்மை செய்யப்படாத உயிர்ச் சிப்பிகளை ஐரோப்பா அறவே ஏற்க மறுத்துவிட்டது. இசுகாட்லாந்து மீன் வணிகர்கள் தம் சரக்குந்துகளை இலண்டன் தலைமை அமைச்சரின் இல்லம் இருக்கும் பகுதிக்கே ஓட்டிவந்து மறியல் செய்தார்கள். கடலாவது கிடைத்ததா? ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த பங்கில் கால் பகுதி மட்டும், அதுவும் ஐந்தரை ஆண்டுத் தவணையில் என்று ஒப்பந்தமாயிற்று. தவணை முடிந்தபின் முழுக்கடலும் நமக்கு என்று காத்திருந்தவர்களுக்கு 2025 மே மாதத்தில் விடை வந்தது: ஐரோப்பியப் படகுகள் 2038 வரை வரலாம் என்று அரசு கையெழுத்திட்டுவிட்டது! மீனவன் கொடி பிடித்தான். மேசையில் அமர்ந்தவன் வேறொருவன்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது நம் மண்ணுக்கு வாருங்கள்.

பிரஞ்சியர் இங்கு வந்தது நம்மை நாகரிகப்படுத்த அன்று. விலைபேசி வாங்கத்தான் வந்தனர். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னனுக்குப் பணம் தந்து 1739இல் காரைக்காலைப் பெற்றனர். விற்றவனும் தமிழன் அல்லன். வாங்கியவனும் தமிழன் அல்லன். விற்கப்பட்டவன் மட்டுமே தமிழன். அதன்பின் புதுச்சேரியின் நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குப் போயிற்று. நிலக்கடலை மார்சேல் நகரின் எண்ணெய்ச் செக்குகளுக்குப் போயிற்று. காரைக்காலிலிருந்து என்ன போயிற்று தெரியுமா? ஆள் போயிற்று! 1848இல் பிரஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கை வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம் மக்கள் இரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப்புத் தீவுகளில் போய் இறங்கினர். ஏற்றுமதிக் கணக்கில் மாந்தனையும் எழுதிய வணிகம் அது.

இத்தனைக்கும் இந்த நிலம் எவ்வளவு? ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர். மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஒரு பக்கம் கடல். ஆற்று நீரும் அங்கிருந்தே வரவேண்டும்; 1898 முதல் ஓடிய பேரளம் தொடர்வண்டியும் அங்கிருந்தே வந்தது. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாளும் அங்கிருந்துதான் இந்தக் கரைக்கு வருகிறார். நீங்களும் "மாப்பிள்ளை" என்று முறைகொண்டாடித் தோள் கொடுக்கிறீர்கள். எனக்குச் சாமியிடம் வழக்கில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: இந்த எல்லைக்கோட்டை மதியாமல் ஆண்டுதோறும் கடந்து வரும் உறவு அது. வண்டியையும் மூட்டையையும் மட்டுமே எல்லைக்கோடு நிறுத்தும். மாமன் மாப்பிள்ளை முறையை நிறுத்தாது.

அந்தக் கோடு எப்படி ஆயுதமாயிற்று என்பதைக் கேளுங்கள். 1941இல் ஆங்கிலேய இந்தியாவும் பிரஞ்சிந்தியாவும் ஒரு சுங்க உடன்பாடு செய்துகொண்டன. இரண்டுக்கும் ஒரே சுங்க வளையம்; நாகூரிலிருந்து வாஞ்சூருக்கு ஒரு மூட்டை வந்தால் அது வெளிநாட்டுச் சரக்கு அன்று. 1947இல் ஆங்கிலேயன் போனான். 1948 சூனில் பிரஞ்சு அரசும் இந்திய அரசும், இப்பகுதிகளின் வருங்காலத்தை மக்களே முடிவு செய்வர் என்று அறிவித்தன. அக்தோபரில் நகராட்சித் தேர்தல். அதில் பிரஞ்சு ஒன்றியத்தில் இருக்க விரும்பியோரே வென்றதாகக் கணக்கு. வன்முறையும் கள்ள வாக்கும் அத்தேர்தலைக் கறைப்படுத்தின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அடுத்த ஆண்டு, 1949இல், இந்திய அரசு அந்தச் சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டது. ஒரே நாளில் காரைக்கால் அயல்நாடாயிற்று! வயலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. சுற்றிலும் சுங்கக் காவல்.

அதன் விளைவு என்ன? கடல் வழியே வரியின்றி வந்து இறங்கிய பொன்னும் கைக்கடிகாரமும் அயல்நாட்டு மதுவும் இரவோடிரவாக எல்லை தாண்டின. சிலர் கொழுத்தனர். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தப் பக்கத்தை நம்பியிருந்தவன் நலிந்தான். "பிரஞ்சு ஒன்றியத்தில் இருந்தால் வரியில்லை, வாணிகம் செழிக்கும்" என்று சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கொழுத்த கூட்டமே. ஆனால் எல்லாரும் அப்படியென்று சொல்லிவிடக் கூடாது. இந்தோசீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிரஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஓய்வூதியத்தை நம்பி உலைவைத்த கைம்பெண்கள் இருந்தார்கள். "நாளை அந்தப் பணம் வருமா?" என்று அவர்கள் கேட்டது அடிமைப் புத்தி அன்று, வயிற்றுக் கேள்வி. நம் இயக்கத்தார் சிலர் அவர்களை இரண்டகர் என்று எழுதுவதை நான் ஒப்புவதில்லை.

1954 மார்ச்சில் கொம்யூன் தலைவர்கள் பலர், வாக்கெடுப்பே வேண்டா, இணைந்துவிடலாம் என்று முடிவெடுத்தனர். நேற்றுவரை பிரஞ்சு ஒன்றியத்தைத் தாங்கிப் பிடித்த எதுவார் குபேர் போன்றோரும் அணி மாறினர். நுழைவுச் சீட்டுக் கட்டுப்பாடுகள் இறுகின. 1954 அக்தோபர் 18இல் கீழூரில் ஒரு கொட்டகையில் மக்கள் பேராளர்கள் கூடினர். வாக்களித்தோர் 178 பேர்; இணைவுக்கு 170, எதிராக 8. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. மூன்று இலக்கம் மக்களின் தலைவிதிக்கு 178 கைகள்! வங்கத்துச் சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேராக வாக்களித்தனர். 7,473 பேர் இணைவுக்கு, 114 பேர் எதிராக. அந்த உரிமை காரைக்காலுக்குக் கிட்டவில்லை. வெள்ளையன் போனது முறையே, போயிருக்க வேண்டியவனே. நேரே கேட்டிருந்தாலும் நம் மக்கள் அதையே சொல்லியிருப்பர் என்று நான் உறுதியாக நம்புகின்றேன். ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் கேட்கும்போதுதான், "போனபின் சுங்கம் யார் கையில்? துறைமுகம் யார் கையில்? கடல் யார் கையில்? எந்த மொழியில் ஆட்சி?" என்னும் கிளைக் கேள்விகள் எழும். கேட்காத இடத்தில் அவை எழுவதில்லை.

மொழியைச் சொன்னேன். 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகத்து 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மக்களின் பேராளர்கள் வேறுவகையாக முடிவு செய்யும் வரை இப்பகுதிகளின் ஆட்சி மொழி பிரஞ்சாகவே தொடரும் என்று அதில் எழுதியிருக்கிறது. பாரிசில் இருப்பவன் தன் மொழிக்கு ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டுதான் கையெழுத்திட்டான். அவன் மொழிப்பற்றை நான் குறை கூறவில்லை; கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்! நிரவியிலே ஆசிரியப் பணி தொடங்கிய பாவேந்தர் பாரதிதாசன் பிறந்து வாழ்ந்த இந்த மண்ணுக்கு, தமிழுக்காக அந்த மேசையில் வாதாட ஒருவரும் இல்லை. 1965இல் புதுச்சேரி மன்றம் தன் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழை வைத்தபிறகே அது எழுத்தில் ஏறிற்று. எழுத்தில் ஏறியது அலுவலகத்தில் எவ்வளவு இறங்கிற்று என்பது கொம்யூன் அலுவலகத்துக்குப் போய்வந்த உங்களுக்கே தெரியும்.

பொருளியல் விளைவுகளும் அப்படியே. ஒப்பந்தத்தில் தனிநிலை காக்கப்பட்டது. மக்கள் விருப்பறியாமல் மாற்றக் கூடாது என்றும் எழுதப்பட்டது. அந்தத் தனிநிலையைக் கொண்டு நாம் என்ன கட்டினோம்? வரிக் குறைவைக் காட்டிச் சில ஆலைகளை அழைத்தோம். 2017 சூலையில் நாடு முழுமைக்கும் ஒரே சரக்கு சேவை வரி வந்தவுடன் அந்தக் கவர்ச்சியில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியவை மதுவும் கல்லெண்ணெயும். வாஞ்சூர் எல்லையில் நின்று பாருங்கள்: வரிசை கட்டியவை நூலகங்களா, மதுக்கடைகளா? பிரஞ்சுக் குடியேற்றச் சந்தைகளை நம்பி வளர்ந்த புதுச்சேரி நெசவாலைகள் தம் பழைய வாடிக்கையை இழந்து நலிந்து, அரசு கைக்கு வந்தும் தேறாமல், 2020இல் மூடப்பட்டன. கீழவாஞ்சூர்த் துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. அதன் உடைமை 2023இல் அதானிக் குழுமத்துக்குக் கைமாறியது. கைமாறியபோது பக்கத்திலேயே வலை காயப்போடும் உங்களிடம் யாரேனும் ஒரு சொல் கேட்டார்களா?

1979இல் தில்லி அரசு புதுவையைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போவதாகப் பேசியதும் இங்கே பெருங்கொந்தளிப்பு. துப்பாக்கிச் சூடும் நடந்தது. தமிழர் தமிழரோடு சேர மறுத்தார்களே என்று நம்மவர் பலர் இன்றும் வருந்துவர். எனக்கும் வருத்தமே. ஆனால் மறுத்தது தமிழையா? மீண்டும் ஒருமுறை கேளாமல் தூக்கிக் கொடுக்கப் பார்த்ததையா? கேளாமல் 1739இல் விற்றான். கேளாமல் 1949இல் சுங்கக் கோடு போட்டான். கேளாமல் 1979இல் சேர்க்கப் பார்த்தான். மக்கள் சினம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த வரிசையே சொல்லும்.

இனி, இங்கிருந்து கப்பலேறியவர்கள் கதையையும் பாருங்கள். இரீயூனியனும் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் 1946இல் பிரான்சின் மாவட்டங்களாயின. இன்று அவை ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்புகள்! 2002 சனவரி முதல் நாள், ஞாயிறு முந்தி எழுந்ததால், யூரோப் பணம் முதன்முதல் கைமாறிய இடங்களுள் ஒன்று இரீயூனியன். காரைக்கால் கடற்கரையில் விடைபெற்றவனின் கொள்ளுப்பேரன் யூரோ எண்ணுகிறான். விடைகொடுத்தவனின் கொள்ளுப்பேரன் இங்கே உரூபாய் எண்ணுகிறான். இங்கேயும் 1962-க்குப் பின் ஆறு மாதத் தவணையில் எழுதிக் கொடுத்து ஏறத்தாழ 5,000 பேர் பிரஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்டனர். அவர்கள் வழியினர் இன்றும் பிரான்சுத் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களிக்கின்றனர். யூரோ எண்ணுகிறவன் கொடுத்துவைத்தவன் என்று பெருமூச்சு விடாதீர்கள். அவன் வளமாக இருக்கிறான்; ஆனால் அவன் பேரனுக்குத் தமிழில் ஒரு சொல் வருவது அரிது. இரண்டில் எது இழப்பு, எது ஊதியம் என்று கணக்கிடும் தராசு எந்தச் சுங்கச் சாவடியிலும் இல்லை.

அப்படியானால் வெளியேறுவது எங்குமே நன்மையில் முடிந்ததில்லையா? முடிந்திருக்கிறது. வடகோடியில் பனி மூடிய கிரீன்லாந்து. அங்கே ஏறத்தாழ 50,000 பேர். பெரும்பாலும் மீனவர், வேட்டுவர். 1972இல் டென்மார்க்கு ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர வாக்கெடுத்தபோது கிரீன்லாந்தில் பத்துக்கு ஏழு பேர் வேண்டா என்றனர். ஆயினும் டென்மார்க்கோடு சேர்த்து இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் உடனே "வெளியேறுவோம்" என்று பேருந்தில் எழுதி ஓட்டவில்லை. முதலில் தன்னாட்சி கேட்டார்கள், 1979இல் பெற்றார்கள். தம் மன்றம் கையில் வந்தபின் 1982இல் தம் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். 53 விழுக்காட்டினர் வெளியேறலாம் என்றனர். 1985 பிப்பிரவரி முதல் நாள் வெளியேறினர். வெளியேறும்போது என்ன பெற்றனர்? தம் கடலில் மீன்பிடிக்க ஐரோப்பியன் பணம் கட்ட வேண்டும். தம் மீன் ஐரோப்பாவுக்குள் வரியின்றிப் போகவேண்டும். பிரித்தானிய மீனவனுக்குக் கிடைக்காதது பனிநாட்டு மீனவனுக்குக் கிடைத்தது எதனால்? மேசையில் அவனே அமர்ந்திருந்தான். கரணியம் அவ்வளவுதான்.

இசுகாட்லாந்தையும் எண்ணிப் பாருங்கள். 2016இல் அங்கே 62 விழுக்காட்டினர் ஐரோப்பாவிலேயே இருக்க விரும்பினர். 32 உள்ளாட்சிப் பகுதிகளிலும் அதே முடிவு. ஒன்றில்கூட மாற்றில்லை. ஆயினும் இலண்டன் வெளியேறியது, இசுகாட்லாந்தும் வெளியேற்றப்பட்டது. தன் மக்களிடம் தனியே வாக்கெடுக்கலாமா என்று கேட்டதற்கு, 2022இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், நாடாளுமன்ற இசைவின்றி முடியாது என்றது. ஒருவன் வெளியேறுவது இன்னொருவனுக்குச் சிறையாவதுண்டு. அதனால்தான் வெளியேறுதல் வேறு, விடுதலை வேறு என்கிறேன்.

இப்போது நம் வாயிலுக்கு வந்திருப்பதைச் சொல்லி அமர்கின்றேன். ஐரோப்பாவை விட்டுத் தனித்து நிற்கும் அதே பிரித்தானியா புதிய சந்தை தேடி அலைந்து, 2025 சூலை 24இல் இந்திய அரசோடு தடையிலா வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறது. இறாலுக்கும் மீனுக்கும் அங்கே சுங்கம் இராது என்று இதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. நல்லது. ஆனால் இந்தியா ஏற்றுமதி செய்யும் இறாலில் பெரும்பகுதி ஆந்திரக் குளங்களில் தீனி போட்டு வளர்ப்பது. நீங்கள் பாடுபட்டுக் கடலில் வாரி வருவது அன்று. சுங்கம் நீங்கினால் அந்த ஈட்டம் ஏலத்திடலில் கூடை வைத்திருக்கும் தாய்க்கு வருமா, பதப்படுத்தும் ஆலைக்காரனோடு நின்றுவிடுமா? உங்கள் விசைப்படகு எங்கே வலை வீசலாம் என்ற கோட்டை 1974இலும் 1976இலும் தில்லியும் கொழும்பும் போட்டுக்கொண்டன. அப்போதும் இந்தக் கரையில் யாரும் வந்து கேட்கவில்லை. 2025 சனவரியில் காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் குண்டடிபட்டவர்கள் நம் பிள்ளைகள்.

ஆகவே ஊர் நாட்டார்களிடம் ஒரு வேண்டுகோள். பிரித்தானிய ஒப்பந்தத்தின் மீன் பொருள்கள் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதித் தருமாறும், காரைக்கால் மீனவ ஊர்கள் எல்லாவற்றின் பேராளர்களையும் அழைத்து விளக்குமாறும் மீன்வளத் துறைக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதில் மூன்றே வினாக்கள்: எந்த மீனுக்குச் சுங்கம் நீங்குகிறது? நலச்சான்றுக்கான ஆய்வுக்கூடம் காரைக்காலில் அமையுமா, செலவு யாருடையது? அங்கிருந்து இங்கே வரப்போகும் மீனுக்கு நாம் என்ன சுங்கம் விடுகிறோம்? இதோ, மேசைமேல் தாள் இருக்கிறது. பெண்கள் கையொப்பம் முதலில் விழட்டும். மீனை விற்றுக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்களே. பக்கத்து ஊர்களுக்கும் படிகள் எடுத்து வந்திருக்கிறேன்; நாளை காலைப் படகு கரையேறுமுன் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு இளைஞர்கள் வேண்டும்.